உழவர்–மேய்ப்பர் மோதல்: நைஜீரியாவில் நிலம் யாருக்கு உரியது?

2018 ஜனவரி 11 அன்று, நைஜீரியாவின் பெனுவே மாநிலத் தலைநகர் மகுர்டியில் 73 பேரின் உடல்கள் ஒரே நாளில் அடக்கம் செய்யப்பட்டன. புத்தாண்டு நாளையொட்டி குமா, லோகோ ஆகிய உள்ளாட்சிப் பகுதிகளின் சிற்றூர்களில் நடந்த தாக்குதல்களில் கொல்லப்பட்டவர்கள் அவர்கள். பெரும்பாலோர் திவ் இனத்து உழவர்கள். அதற்குச் சில வாரங்களுக்கு முன், 2017 நவம்பரில், வடகிழக்கிலுள்ள அடமாவா மாநிலத்தின் நுமான் வட்டாரத்தில் ஃபுலானி மேய்ப்பர்களின் குடியிருப்புகள் தாக்கப்பட்டன. அங்கு இறந்தவர்களில் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும் ஆவர்.

இச்செய்திகள் உலக ஊடகங்களில் இருவகையாகச் சொல்லப்படுகின்றன. ஒன்று, முஸ்லிம் மேய்ப்பருக்கும் கிறித்தவ உழவருக்கும் இடையிலான சமயப் போர் என்பது. மற்றொன்று, மழை குறைந்து மக்கள்தொகை பெருகியதால் விளைந்த இயற்கையான நெருக்கடி என்பது. இரண்டிலும் ஓரளவு உண்மை உண்டு. எனினும் இரண்டுமே ஒரு கேள்வியைத் தொடாமல் விடுகின்றன: நிலத்தின் மீது யாருக்குச் சட்டப்படி உரிமை இருந்தது, யாருக்கு இல்லை, அதை முடிவு செய்தவர் யார்? நைஜீரியாவின் வேளாண் வளர்ச்சி தடைப்பட்டதற்கான விடையும் இக்கேள்விக்குள்தான் இருக்கிறது.

இரு தொழில்கள், ஒரே நிலம்

நைஜீரியாவின் வடக்கே வறண்ட புல்வெளியும் தெற்கே மழைக்காடும் உள்ளன. இரண்டுக்கும் இடையில் பெனுவே, நசராவா, பிளாட்டோ, தாராபா முதலிய மாநிலங்களை உள்ளடக்கிய நடு வளையப் பகுதி அமைந்துள்ளது. இங்கே பெருவள்ளிக்கிழங்கு, மரவள்ளி, சோயா, எள், நெல், மக்காச்சோளம் ஆகியவை விளைகின்றன. 'நாட்டின் உணவுக்கூடை' என்பது பெனுவே மாநிலத்தின் அலுவல்முறை அடைமொழியாகும்.

ஃபுலானி மேய்ப்பர்கள் மழைக்காலத்தில் வடக்கிலும், கோடையில் நீரும் புல்லும் தேடித் தெற்கிலுமாக மந்தைகளுடன் வலசை செல்பவர்கள். முற்காலத்தில் செட்சி ஈயால் பரவும் நோய் மாடுகளைக் கொன்றதால் அவர்கள் தெற்கே நெடுந்தொலைவு வர இயலவில்லை. இருபதாம் நூற்றாண்டில் ஈ ஒழிப்புத் திட்டங்களும் கால்நடை மருந்துகளும் வந்த பின்னரே நடு வளையப் பகுதியில் பெருமந்தைகள் நெடுங்காலம் தங்கத் தொடங்கின.

அறுவடைக்கும் அடுத்த விதைப்புக்கும் இடைப்பட்ட மாதங்களில் உழவரின் வயல் மேய்ப்பருக்குத் திறந்திருந்தது. மாடுகள் தாளைத் தின்றன. சாணம் வயலுக்கு உரமாயிற்று. நம் ஊர்களில் 'கிடை போடுதல்' எனப்படும் முறையும் இதுவே. ஃபுலானிப் பெண்கள் உழவர் சந்தைகளில் பாலும் தயிரும் விற்றுத் தானியம் வாங்கினர். கம்பு மாவு உருண்டையை 'நோனோ' எனப்படும் புளித்த பாலில் கரைத்துக் குடிக்கும் 'ஃபுரா' வடநைஜீரியாவின் அன்றாட உணவு. ஒரே குவளையில் உழவரின் கம்பும் மேய்ப்பரின் பாலும் கலந்திருக்கின்றன. பயிர் மேய்ந்துவிட்ட வழக்குகள் அன்றும் இருந்தன. ஊர்த்தலைவரும் மேய்ப்பர் தலைவரும் கூடியமர்ந்து இழப்பீடு முடிவு செய்து அவற்றைத் தீர்த்தனர்.

இதை முழு நல்லிணக்கமாகக் கற்பனை செய்யவும் கூடாது. 1804இல் உஸ்மான் தன் ஃபோடியோ தொடங்கிய எழுச்சியிலிருந்து உருவான சொகோட்டோ அரசு, நடு வளையப் பகுதியின் பல இனக்குழுக்களைப் பிடித்துச் சென்று அடிமைகளாக்கியது. பிரித்தானியர் பின்னர் அப்பகுதி மக்களில் ஒரு பகுதியினரை அதே அமீர்களின் ஆட்சியின் கீழ் வைத்தனர். ஃபுலானி என்ற சொல்லைக் கேட்டதும் உழவரின் நினைவில் எழும் அச்சத்துக்கு இவ்வரலாறும் காரணம். ஆயினும் புதர்க்காட்டில் மாடு மேய்க்கும் ஏழைக்கும் அரண்மனையில் அமர்ந்த அமீருக்கும் இடையே பொதுவாக இருந்தது மொழியும் இனப்பெயருமே. பழைய ஆண்டையின் மீதான கணக்கு இன்று காட்டிலுள்ள மேய்ப்பரிடம் தீர்க்கப்படுகிறது.

ஏற்பாடு குலைந்த விதம்

விடுதலை பெற்ற 1960ஆம் ஆண்டில் ஏறத்தாழ 4.5 கோடியாக இருந்த நைஜீரிய மக்கள்தொகை இன்று 20 கோடியைத் தாண்டிவிட்டது. சாகேல் பகுதியை 1970களின் தொடக்கத்திலும் 1980களிலும் கடும் வறட்சி தாக்கியது. 1960களில் ஏறத்தாழ 25,000 சதுர கிலோமீட்டர் பரந்திருந்த சாட் ஏரி, 1980களுக்குள் அதில் பத்தில் ஒரு பங்களவுக்குச் சுருங்கியது. 2009 முதல் போக்கோ ஹராம் வன்முறை வடகிழக்கின் மேய்ச்சல் நிலங்களிலிருந்தும் மக்களை விரட்டியது. மந்தைகள் முன்கூட்டியே தெற்கே இறங்கின. அறுவடை முடியுமுன் அவை வயலருகே வந்து நின்றபோது, தாள் மேய்ச்சல் பயிர் மேய்ச்சலாயிற்று.

இவற்றோடு நிருவாக மாற்றங்களும் சேர்ந்துகொண்டன. 'ஜங்காலி' எனப்பட்ட மாட்டு வரி 1970களில் கைவிடப்பட்டது. வரிச்சுமை நீங்கியது மேய்ப்பருக்கு நன்மையே. ஆனால் வரி வாங்கிய உள்ளூர் அதிகாரத்துக்கு வலசைப் பாதைகளைக் காக்க வேண்டிய தேவையும் அத்துடன் நீங்கிற்று. 'புர்டி' எனப்படும் அப்பாதைகள் மீது வயல்களும் வீடுகளும் சாலைகளும் எழுந்தன. வழக்குத் தீர்த்த ஊர்ப்பெரியவர்களின் இடத்தைக் காவல் நிலையங்களும் நீதிமன்றங்களும் பிடித்தன. அங்கே கையூட்டுக் கொடுத்தவரின் பக்கம் தீர்ப்புச் சாய்ந்தது என்பது இரு தரப்பாரும் சொல்லும் குறை. பின்னர்த் தாக்குதல் துப்பாக்கிகள் மலிவாகக் கிடைத்தன. கொலைக்குப் பழிவாங்கக் கொலை என்பது வழக்கமாயிற்று.

மந்தைகளின் உரிமையும் மாறியது. இன்று பெருமந்தைகள் பல, நகரில் வாழும் செல்வர்கள், அலுவலர்கள், அரசியலாளர்கள் ஆகியோருடையவை. அவற்றை ஓட்டிச் செல்வோர் கூலிக்கு அமர்ந்த இளைஞர்கள். அவர்களுக்கு வழியிலுள்ள ஊர்களுடன் தலைமுறைப் பழக்கம் கிடையாது. மாடு இழந்தால் உரிமையாளருக்குப் பதில் சொல்ல வேண்டிய அச்சம் மட்டும் உண்டு. மோதலில் சாவது கூலி மேய்ப்பனும் சிறு உழவனும்தான்; மந்தையின் உரிமையாளர் களத்துக்கு வருவதில்லை.

சட்டம் யாரை விட்டுவிட்டது?

1965இல் அன்றைய வட மண்டல அரசு மேய்ச்சல் ஒதுக்கீட்டு நிலச் சட்டத்தை இயற்றியது. மேய்ப்பருக்கென நீர், புல், கால்நடை மருத்துவம் ஆகியவற்றுடன் நிலங்களை ஒதுக்கி அவர்களை நிலைத்து வாழச் செய்வது அதன் நோக்கம். அடையாளம் காணப்பட்ட ஒதுக்கீடுகள் 415. முறையாக அளந்து ஆவணப்படுத்தப்பட்டவை நூற்றுச் சொச்சமே. 1967இல் மண்டலங்கள் கலைக்கப்பட்டு மாநிலங்கள் உருவானபோது இத்திட்டத்துக்கு ஒரே பொறுப்பாளர் என எவரும் இல்லாமற்போயினர். எஞ்சிய நிலங்களில் பெரும்பகுதி பயிர்நிலமாகவும் குடியிருப்பாகவும் மாறிற்று.

1978இன் நிலப் பயன்பாட்டுச் சட்டம் ஒவ்வொரு மாநிலத்தின் நிலத்தையும் அம்மாநில ஆளுநரிடம் பொறுப்பாக ஒப்படைத்தது. நைஜீரியாவில் ஆளுநர் என்பவர் மாநிலத்தின் தேர்ந்தெடுக்கப்பட்ட தலைமை ஆட்சியாளர். மரபு வழியில் உழுதுவரும் குடும்பத்துக்குப் பயன்பாட்டு உரிமை உண்டு. ஆயினும் பொதுநலன் எனக் காட்டி அரசு நிலத்தை எடுத்துக்கொண்டால், பயிருக்கும் கட்டடத்துக்கும் மேம்பாட்டுக்கும் இழப்பீடு கிடைக்கும், மண்ணுக்குக் கிடைக்காது. மேய்ச்சலுக்காக 5,000 ஹெக்டேர் வரை மரபுவழி உரிமை வழங்க அச்சட்டத்தில் இடம் உண்டு. அதைப் பெறுவதற்கு உள்ளாட்சியின் மனமும் உள்ளூர்ச் செல்வாக்கும் வேண்டும். ஆண்டில் சில மாதங்கள் மட்டும் வந்து தங்கும் ஏழை மேய்ப்பரிடம் இரண்டும் இருப்பது அரிது.

ஆகவே, எதிரெதிரே நிற்கும் இருவருமே சட்டத்தின் முன் ஏறத்தாழ வெறுங்கையர். உழவரிடம் மரபு இருக்கிறது, பட்டா இல்லை. மேய்ப்பரிடம் பாதையின் நினைவு இருக்கிறது, வரைபடம் இல்லை. ஒருவர் வயலை விரிவாக்குவதும் மற்றவர் மந்தையை ஓட்டிச் செல்வதும் தமக்கு உரியது என்றே ஒவ்வொருவரும் நம்புகின்றனர். இருவரின் நம்பிக்கைக்கும் ஆதாரம் உண்டு. அவற்றை ஒரே பதிவேட்டில் எழுதிவைக்க அரசு முன்வரவில்லை.

பிறப்பால் கிடைக்கும் உரிமை

நைஜீரியாவில் குடியுரிமைக்குக் கீழே மற்றொரு அடுக்கு உண்டு. ஒவ்வொரு உள்ளாட்சியும் தன் 'மண்ணின் மக்களுக்கு' மட்டும் சான்றிதழ் வழங்குகிறது. தந்தை வழி முன்னோர் அவ்வூரினர் என்பதே அடிப்படை. அரசுப் பணி, கல்வி உதவித்தொகை, பல்கலைக்கழக இடம் ஆகியவற்றுக்கு இச்சான்றிதழ் தேவைப்படுகிறது. சான்றிதழ் இல்லாதவர் 'வந்தேறி' ஆவார். அவ்வூரில் மூன்று தலைமுறையாக வாழ்ந்தாலும் வந்தேறியே. மனித உரிமைக் கண்காணிப்பகம் 2006இல் வெளியிட்ட விரிவான அறிக்கை, இம்முறை கோடிக்கணக்கானோரைச் சொந்த நாட்டிலேயே இரண்டாந்தரக் குடிகளாக்குவதை ஆவணப்படுத்தியது.

இம்முறையால் பாதிக்கப்படுவோர் ஒரு தரப்பினர் மட்டுமல்லர். நடு வளையத்தில் நிலைத்துவிட்ட ஃபுலானியரும் ஹௌசாக்களும் அங்கே வந்தேறிகள். தம் மாநில எல்லையைத் தாண்டி உழச் சென்ற திவ் உழவர்கள் நசராவாவிலும் தாராபாவிலும் வந்தேறிகள். பிறப்புச் சான்றிதழே நிலத்துக்கும் வேலைக்கும் திறவுகோலாக இருக்கும் நாட்டில், வரப்பில் எழும் சச்சரவு மிக விரைவில் 'எம் மண்ணா, உம் மண்ணா' என்ற இனச்சண்டையாகிவிடுகிறது. பிறப்பை அடிப்படையாகக் கொண்டு உரிமையைப் பகுக்கும் அமைப்பு எத்தகைய வன்முறையை ஈனும் என்பதை நம் வாசகர்களுக்கு விளக்கத் தேவையில்லை.

வளர்ச்சித் திட்டங்களின் பங்கு

மோதல் வேளாண் வளர்ச்சியைக் கெடுத்தது என்பது பலரும் சொல்வது. வேளாண் வளர்ச்சித் திட்டங்களும் மோதலை வளர்த்தன என்பது குறைவாகவே பேசப்படுகிறது.

கானோ ஆற்றுப் பாசனத்துக்காக 1974இல் டிகா அணை கட்டப்பட்டது; 1990களின் தொடக்கத்தில் சல்லாவா அணையும் சேர்ந்தது. மேலே பாசனம் பெருகியபோது, கீழே ஹடேஜியா–ங்குரு சதுப்பு நிலங்களுக்கு வந்த வெள்ளம் குறைந்தது. அவ்வெள்ளத்தை நம்பியே மீன்பிடிப்பும் வண்டல் வேளாண்மையும் கோடை மேய்ச்சலும் நடந்துவந்தன. சுருங்கிய ஈரநிலத்தில் மூவரும் நெருக்கியடித்துக்கொண்டனர்.

ஆற்றோரத் தாழ்நிலங்களை ஹௌசா மொழியில் 'ஃபடாமா' என்பர். கோடையிலும் ஈரம் நிற்கும் அந்நிலங்களே மேய்ப்பரின் கடைசிப் புகலிடம். உலக வங்கிக் கடனுடன் 1990களில் நடந்த முதல் ஃபடாமா திட்டம் அங்கே குழாய்க் கிணறுகளையும் நீரிறைக்கும் எந்திரங்களையும் தந்தது. கோடையிலும் காய்கறியும் நெல்லும் விளைந்தன. திட்டத்தின் கணக்கில் உற்பத்தி கூடிற்று. மாடு நீர் குடிக்க இறங்கும் துறைகள் அக்கணக்கில் இல்லை. பயிர்ச்சாகுபடிக்கே முதன்மை தந்ததால் பிற பயனாளர்களுடன் மோதல் பெருகியது என்ற பாடத்தை ஏற்று, 2000களில் வந்த இரண்டாம் ஃபடாமா திட்டம் வடிவமைக்கப்பட்டது. உழவர், மேய்ப்பர், மீனவர், பெண்கள் குழுக்கள் ஆகிய அனைவரையும் ஒரே ஊர்க்கூட்டமைப்பில் அமர்த்தி, பாதைகளையும் நீர்த்துறைகளையும் கூடியே திட்டமிட அது வழிசெய்தது. அது நடந்த பல இடங்களில் சச்சரவுகள் குறைந்தன. எல்லாக் குறைகளும் நீங்கிவிடவில்லை. ஆயினும் பேச்சு மேடையில் இடம் கிடைத்தால் துப்பாக்கியின் தேவை குறையும் என்பதை அது காட்டியது.

வேளாண்மை இழந்தவை

2016 ஜனவரிக்கும் 2018 அக்டோபருக்கும் இடையில் குறைந்தது 3,641 பேர் கொல்லப்பட்டதாக ஆம்னெஸ்டி இன்டர்நேஷனல் பதிவு செய்தது. அவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் 2018ஆம் ஆண்டில் மட்டும் இறந்தவர்கள். பன்னாட்டு நெருக்கடிக் குழுவின் கணிப்பின்படி 2018இன் முதல் ஆறு மாதங்களில் 1,300க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். ஏறத்தாழ 3,00,000 பேர் இடம்பெயர்ந்தனர்.

முகாமில் இருக்கும் உழவரால் விதைக்க இயலாது. ஏப்ரலில் மழை தொடங்கும்போது நிலத்தில் இல்லாவிட்டால் அவ்வாண்டு கைவிட்டுப் போகும். அடுத்த ஆண்டுக்கான விதைக்கிழங்கும் கிடைக்காது. பெருவள்ளியை விளைச்சலின் ஒரு பகுதியைக் கொண்டே மீண்டும் நடவேண்டும். ஊர் திரும்பியவர்களும் வீட்டருகிலுள்ள துண்டு நிலத்தை மட்டும் உழுகின்றனர், தொலைவயலைத் தரிசாக விடுகின்றனர். களவு போகும் என்ற அச்சத்தில் முற்றாத பயிரை அறுக்கின்றனர். வணிகர் வராததால் அடிமாட்டு விலைக்கு விற்கின்றனர்.

மேய்ப்பர் பக்கத்து இழப்பு பெரும்பாலும் எண்ணப்படுவதில்லை. பெருந்திரளாகக் களவுபோன மாடுகள், பாதை மாறிய நெடுநடையில் மெலிந்து இறந்த கன்றுகள், நின்றுபோன பால் விற்பனை ஆகியவை அதில் அடங்கும். நைஜீரியாவில் கோடிக்கணக்கில் மாடுகள் உள்ளன. ஆயினும் நாடு பால்பொருள்களைப் பெருமளவில் இறக்குமதி செய்கிறது.

பெனுவே, கடுனா, நசராவா, பிளாட்டோ ஆகிய நான்கு மாநிலங்களை மெர்சி கார்ப்ஸ் என்ற அமைப்பு ஆராய்ந்து 2015இல் முடிவுகளை வெளியிட்டது. அங்கு அமைதி நிலவினால் நாட்டுப் பொருளாதாரம் ஆண்டுக்கு 1,370 கோடி டாலர் வரை கூடுதலாகப் பெறக்கூடும் எனவும், அம்மாநிலங்கள் தம் சொந்த வரிவருவாயில் சராசரியாக 47 விழுக்காட்டை மோதலால் இழந்தன எனவும் அது மதிப்பிட்டது. அந்த வருவாய்தான் கிணறாகவும் சாலையாகவும் பள்ளியாகவும் ஆகியிருக்க வேண்டியது.

இழப்பின் கடைசிப் படியில் பெண்கள் நிற்கின்றனர். உழவர் சமூகங்கள் பலவற்றில் பெண்ணுக்கு நிலம் கணவன் வழியே வருகிறது. கணவன் கொல்லப்பட்டால், ஊர் திரும்பும் கைம்பெண்ணின் நில உரிமை கேள்விக்குள்ளாகிறது. ஃபுலானிப் பெண்ணுக்கோ தன் கையில் காசு தந்த ஒரே வழியான பால் விற்பனை, பகையூரின் சந்தையோடு மூடப்பட்டுவிடுகிறது. அமைதிக் குழுக்களின் பெயர்ப்பட்டியல்களில் இவ்விருவரையும் காண்பது அரிது.

தடையும் பண்ணையும்

பெனுவே மாநிலம் திறந்தவெளி மேய்ச்சலைத் தடைசெய்து, வேலியிட்ட பண்ணைகளில் மட்டும் மாடு வளர்க்க வேண்டும் என்ற சட்டத்தை 2017 மே மாதம் இயற்றியது. நவம்பர் 1 அன்று அது நடைமுறைக்கு வந்தது. இரண்டு மாதங்களில் புத்தாண்டுக் கொலைகள் நிகழ்ந்தன. சட்டமே கொலைக்குக் காரணம் என்பது கொலையாளிகளுக்குத் துணைபோகும் வாதம். எனினும் பண்ணை அமைக்க நிலம், முதலீடு, தீவனம், நீர் ஆகிய நான்கும் வேண்டும் என்பதும், அவற்றுள் ஒன்றும் இல்லாதவரிடம் அச்சட்டம் 'வெளியேறு' என்றே பேசியது என்பதும் உண்மை. 2021 மே மாதம் தென் மாநிலங்களின் ஆளுநர்கள் அசபா நகரில் கூடித் திறந்தவெளி மேய்ச்சலுக்குத் தடை அறிவித்தனர்.

நடுவண் அரசின் முயற்சிகளும் நிலத்தில் வந்து முட்டிக்கொண்டன. மேய்ப்பர் குடியிருப்புகளை அமைக்கும் 'ருகா' திட்டம், நிலப்பறிப்பு என்ற எதிர்ப்பால் 2019 ஜூலையில் நிறுத்தப்பட்டது. அதே ஆண்டில் வந்த பத்தாண்டுக் கால தேசியக் கால்நடை மாற்றத் திட்டம் விரும்பும் மாநிலங்களில் பண்ணைகளை அமைக்க முற்பட்டது. நிதிப் பற்றாக்குறையும் உழவரின் ஐயமும் அதைத் தாமதப்படுத்தின. 2024இல் அதிபர் போலா டினுபு கால்நடை வளர்ச்சிக்கெனத் தனி அமைச்சகம் அமைத்தார். 2025 ஜூன் மாதம் குமா பகுதியிலேயே யெலவாட்டா என்னும் ஊரில் 100க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். அவர்களுள் ஏற்கெனவே வேறு ஊர்களிலிருந்து இடம்பெயர்ந்து அங்கு தஞ்சம் புகுந்தவர்களும் இருந்தனர்.

கொலையாளிகள் தண்டிக்கப்படாமை இத்தொடரின் மற்றொரு கண்ணி. தண்டனை இல்லாத இடத்தில் ஒவ்வொரு தரப்பும் தானே நீதி வழங்கத் துணிகிறது. அந்நீதி எப்போதும் குற்றம் செய்தவரை விட்டுவிட்டு, எளிதில் கைக்கு அகப்படும் மற்றவரைத் தாக்குகிறது.

பொதுநிலத்தைப் பற்றிய ஒரு குறிப்பு

நைஜீரிய மேய்ப்பரை இங்குள்ள தலித் மக்களோடு ஒப்பிடுவது பொருந்தாது, வரலாறுகள் வேறு. ஆயினும் பொதுநிலம் எவ்வாறு மறைகிறது என்பது நாம் அறிந்த கதை. தமிழ்நாட்டு வருவாய்க் கணக்கில் மேய்ச்சல் புறம்போக்கு, மந்தைவெளி எனப் பதிவான நிலங்களே, சொந்த நிலமற்றோர் ஓர் ஆடோ மாடோ வளர்ப்பதற்கான ஒரே இடம். 2011இல் ஜக்பால் சிங் வழக்கில் ஊர்ப்பொது நிலங்களின் ஆக்கிரமிப்பை அகற்றும்படி மாநிலங்களுக்கு ஆணையிட்ட உச்ச நீதிமன்றம், நிலமற்ற உழைப்பாளருக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் அரசு முறைப்படி வழங்கிய நிலங்களை விதிவிலக்காகக் கருத இடம் வைத்தது. பொதுநிலத்தைக் காப்பதும் நிலமற்றோரைக் காப்பதும் ஒரே வேளையில் செய்யப்பட வேண்டியவை என்பதை அவ்விதிவிலக்கு ஏற்கிறது. 'ஆக்கிரமிப்பு அகற்றம்' என்ற பெயரில் முதலில் இடிக்கப்படுவது எவருடைய குடிசை என்பது களத்தில் இருப்போருக்குத் தெரியும்.

உழவர்–மேய்ப்பர் மோதல் பற்றிய எந்தச் செய்தியைப் படிக்கும்போதும் நான்கு கேள்விகளை எழுப்பலாம். அந்நிலத்தின் ஆவணம் எவர் பெயரில் இருக்கிறது? மந்தையின் உண்மையான உரிமையாளர் யார்? திட்டம் தீட்டிய அவையில் மேய்ப்பரும் நிலமற்றோரும் பெண்களும் அமர்ந்திருந்தனரா? முந்தைய கொலைக்கு எவரேனும் தண்டிக்கப்பட்டனரா? விளைச்சலை மட்டும் வளர்ச்சியாக எண்ணும் திட்டம், நீர்த்துறையை இழந்தவரையும் முகாமில் இருப்பவரையும் கணக்கில் சேர்ப்பதில்லை. பெனுவேயின் தொலைவயல்கள் தரிசாகக் கிடப்பதற்கும் வடக்கின் மந்தைகள் வழியின்றி நிற்பதற்கும் காரணம் அந்தக் கணக்குத்தான். பாதையும் வயலும் ஒரே வரைபடத்தில், இரு தரப்பின் ஒப்புதலுடன் வரையப்படும் வரை, ஒவ்வொரு கோடையின் தொடக்கமும் அங்குள்ள எளியோருக்கு அச்சத்தின் தொடக்கமாகவே இருக்கும்.